பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புல்வெட்டும் இயந்திரங்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நோயை வெவ்வேறு பெயரில் சொல்கின்றன. ஒருவர் கார்பரேட்டர் கெட்டுவிட்டது என்கிறார். இன்னொருவர் ஸ்பார்க் பிளக்கைச் சந்தேகிக்கிறார். மூன்றாமவர் இயந்திரத்தையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறார். ஆனால் எல்லாக் கடிதங்களிலும் ஏதோ ஒரு வரியில், மழையில் நனைந்த பெட்ரோல் கேன் ஒன்று தலைகாட்டிவிட்டுப் போகிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்களைத் தண்ணீர் கலந்த பெட்ரோலுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கொட்டகைக்கு வெளியே வைத்திருந்த கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றியதிலிருந்து என் புல்வெட்டி சரியாக ஓடுவதில்லை. பத்து முறை கயிற்றை இழுத்தால் ஒரு நிமிடம் ஓடும். பிறகு உறுமி உறுமி அடங்கிவிடும். சமதளத்திலாவது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. மேட்டில் ஏற்றினால் உடனே அணைந்துபோகிறது. பிளக்கை மாற்றினேன், ஏர் ஃபில்டரையும் மாற்றினேன், பயனில்லை. பெட்ரோலில் தண்ணீர் இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அதை எப்படி உறுதி செய்வது? இயந்திரத்தை எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மேட்டில் ஏறியதும் அணைகிறது என்ற ஒரு விவரமே தண்ணீரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. எனவே டேங்குக்குள் புகுந்த தண்ணீர் எப்போதும் அடியில்தான் கிடக்கும். சமதளத்தில் அது எரிபொருள் இறங்கும் துளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மூலையில் தேங்கியிருந்தாலும், இயந்திரம் சாய்ந்தவுடன் துளையை நோக்கி நழுவி வந்து கார்பரேட்டருக்குள் இறங்கிவிடும்.

தண்ணீர் எரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கார்பரேட்டரில் அது செய்யும் குறும்பு அதைவிடப் பெரிது. கார்பரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் ஜெட்டின் துளை, இத்தகைய சிறு எஞ்சின்களில் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை பெட்ரோலுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருப்பதால், ஒரு துளித் தண்ணீர் அந்தத் துளையின் வாயில் உருண்டை கட்டி நின்றுகொண்டு, தானும் உள்ளே போகாமல் பெட்ரோலையும் விடாமல் மறித்துக்கொள்கிறது. துளி சற்று விலகும்போது எஞ்சின் உறுமுகிறது, மறுபடி வந்து அடைக்கும்போது அடங்குகிறது. உங்கள் இயந்திரத்தின் உறுமலுக்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் எந்தத் திருகையும் தொடுவதற்கு முன்பு பெட்ரோலைக் கண்ணால் பாருங்கள். கேனை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, எரிபொருளுக்கென்றே உள்ள கைப்பம்பின் குழாயை அடிவரை இறக்கி, நிறமற்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் கால் லிட்டர் எடுத்து மூடி வையுங்கள். மேலிருந்து சாய்த்து ஊற்றிய பெட்ரோலைப் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று முடிவு செய்வதில் பயனில்லை. தண்ணீர் கேனின் அடியில் பத்திரமாக இருக்கும். அரை மணி நேரம் கழித்துப் புட்டியை வெளிச்சத்தின் முன் பிடித்தால், அடியில் முத்துப்போன்ற உருண்டைகளோ, தெளிவான கோடு பிரித்துக் காட்டும் தனி அடுக்கோ, அல்லது முழுவதும் பால் கலந்ததுபோன்ற மங்கலோ தென்படலாம். மூன்றுமே தண்ணீரின் அடையாளங்கள்தாம். ஐயம் தீரவில்லையென்றால், தண்ணீரில் கரையும் உணவு நிறச்சாயம் ஒரு சொட்டு விடுங்கள். பெட்ரோலில் அது கரையாமல் குன்றிமணிபோல் அப்படியே கீழே இறங்கும். அடியில் தண்ணீர் இருந்தால் அதைத் தொட்ட மாத்திரத்தில் விரிந்து அடுக்கு முழுவதும் நிறமேறிவிடும்.

தண்ணீர்தான் என்று உறுதியான பிறகு இயந்திரத்துக்கு வாருங்கள். எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பிளக்கின் கம்பித் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து சென்று, நீங்கள் நினைத்தே பார்க்காத தூரத்தில் எரியும் ஒரு சுடரைத் தேடிப் பிடித்துவிடும். டேங்கில் உள்ளதைக் கைப்பம்பினால் வெளியேற்றுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால், அந்தப் பழக்கத்தை என்னால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

டேங்க் காலியானதும் கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றுங்கள். சிலவற்றில் அடியில் வடிகால் திருகு ஒன்று இருக்கும். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு போல்ட்தான் கிண்ணத்தைத் தாங்கி நிற்கும், சில மாடல்களில் அந்தப் போல்ட்டிலேயே ஜெட்டும் அமைந்திருக்கும். கழற்றிய கிண்ணத்தைக் கவிழ்த்துவிடாமல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் பாதரசம்போல் உருண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிப் பள்ளத்துக்கு ஓடும். அது நெடுநாள் தங்கியிருந்தால், இரும்புக் கிண்ணத்தில் செம்பழுப்பு வட்டமாகத் துருவும், அலுமினிய உடலில் வெள்ளை மாவுபோன்ற பொருக்கும் கண்ணில் படும். அந்த மாவுதான் பின்னால் ஜெட்டைப் போய் அடைக்கிறது. தண்ணீரை வெளியேற்றிய பிறகும் சில இயந்திரங்கள் சரியாக ஓடாததன் மர்மம் இதுவே. ஆகவே ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அடைப்பு இருந்தால் கார்பரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, அழுத்தக் காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குடைய வேண்டாம். பித்தளைத் துளை கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதானாலும் எரிபொருள் அளவு மாறிவிடும். கண்ணாடி அணியாமல் கிளீனரைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு துளையில் பீய்ச்சினால் அது நீங்கள் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேரே முகத்துக்குத் திரும்பி வரும். ரப்பர் வளையங்களையும், கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையையும் முன்பே எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

டேங்கின் உட்புறத்தைக் காய வைத்து, பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாக மாற்றி, எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, கால் லிட்டர் புதிய பெட்ரோலை மட்டும் ஊற்றிக் கிண்ணம் நிறைந்ததும் ஒருமுறை வடித்துவிடுங்கள். குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சத் துளிகள் அதோடு போய்விடும். பிளக்கைத் துடைத்துப் பூட்டிக் கயிற்றை இழுத்தால், முதல் சில நிமிடங்கள் இருமிவிட்டு எஞ்சின் சீராகும். பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றியதில் நட்டம் ஒன்றுமில்லை. எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டியவைதாம்.

கேள்வி: என் 5 லிட்டர் கேனில் பெட்ரோல் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. மேல் அடுக்கை மட்டும் வடித்துப் பயன்படுத்தலாமா? ஒரு சிறு குவளைத் தண்ணீருக்கு மேல் உள்ளே போயிருக்க வாய்ப்பில்லை. அடி அடுக்கோ அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. இது எப்படி?

பதில்: நீங்கள் கவனித்த அந்தக் கணக்குப் பொருத்தமின்மைதான் விடையும்கூட. உங்கள் பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்திருக்கிறது.

எத்தனால் கலக்காத பெட்ரோல் தண்ணீரை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவிடும். 10 லிட்டரில் ஒன்றிரண்டு மில்லிக்கு மேல் கரையாது. எத்தனாலுக்கோ தண்ணீர் என்றால் தாய்வீடு போல. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி வெப்பநிலையில், தன் கொள்ளளவில் சுமார் அரை சதவீதத் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொண்டு தெளிவாகவே நிற்கும். உங்கள் 5 லிட்டருக்கு அது 25 மில்லி, அதாவது ஐந்து தேக்கரண்டி. அந்த எல்லையைத் தாண்டியதும் நடப்பது படிப்படியான மாற்றம் அல்ல. எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அடியில் போய் அமர்ந்துவிடுகிறது. 5 லிட்டரில் எத்தனால் மட்டுமே அரை லிட்டர் இருப்பதால், குவளைத் தண்ணீர் ஒன்று தன்னோடு நூற்றுக்கணக்கான மில்லி எத்தனாலை இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் பார்க்கும் தடித்த அடுக்கு அதுதான். குளிர் கூடக்கூட எல்லை இன்னும் குறையும். அதனால்தான் மாலையில் தெளிவாக இருந்த கேன் விடிகாலையில் கலங்கிக் கிடப்பதைச் சிலர் காண்கிறார்கள்.

இப்போது மேல் அடுக்கு. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தாலும் அது நீங்கள் வாங்கிய பெட்ரோல் அல்ல. எஞ்சினுக்குள் பெட்ரோல் தானாக முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்ணை உயர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்த எத்தனால் விலகிவிட்டதால், அந்த எண் இரண்டு மூன்று புள்ளிகள் இறங்கியிருக்கும். அந்த வெப்பநிலையில் கரையக்கூடிய அளவு தண்ணீரும் அதில் முழுமையாகத் தங்கியிருக்கும், சற்றே குளிர்ந்தாலும் மீண்டும் துளி துளியாகப் பிரியும். எனவே எத்தனால் கலந்த பெட்ரோல் ஒருமுறை பிரிந்துவிட்டால் அதன் இரு அடுக்குகளையும் கழித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். புதிய பெட்ரோலைச் சேர்த்துக் குலுக்கினால் மறுபடி கலந்துவிடும் என்ற யோசனை வேதியியல்படி முழுப் பொய் அல்ல. ஆனால் அதற்குப் பல மடங்கு புதிய பெட்ரோல் வேண்டும். அப்படிக் கலந்தாலும் முழுவதும் எல்லையின் விளிம்பில் நிற்கும். நல்லதைக் கொட்டிக் கெட்டதைப் பெருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

எத்தனால் கலக்காத பெட்ரோலானால் கதை வேறு. கேனை ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வைத்து, மேலுள்ள முக்கால் பங்கை மட்டும் மெதுவாகப் பம்பினால் எடுத்து, கண்ணாடிப் புட்டியில் மறுபடி சோதித்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லையென்றால், அளவுக்கோடுகள் உள்ள உருளையில் 90 மில்லி தெளிந்த பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றி மூடிக் குலுக்கி நிற்க விடுங்கள். அடியில் உள்ள தண்ணீர் 10 மில்லி கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. அது 19 மில்லியை நெருங்கினால் பத்து சதவீத அளவில் இருக்கிறது.

கேள்வி: என்னுடைய பிரஷ் கட்டர் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. ஆயில் கலந்து வைத்திருந்த பெட்ரோல் கலங்கலாக இருந்தும், ஓடட்டும் என்று ஓட்டினேன். கொஞ்ச நேரம் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் கத்திவிட்டு நின்றுவிட்டது. இப்போது கயிறு இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

பதில்: தயவுசெய்து இன்னொரு முறை கயிற்றை இழுக்க வேண்டாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டியில் ஆயில் தனி அறையில் இருக்கிறது. பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் ஓடாமல் அடம்பிடிக்குமே தவிர, உடனடிச் சேதம் அரிது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு வரும் ஆயில் மட்டுமே பிஸ்டனுக்கு உயவு. 50க்கு 1 என்ற கலவையில் ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில்தான் இருக்கிறது. அந்த 20 மில்லியும் பெட்ரோலோடு சேர்ந்து மேல் அடுக்கில் தங்கிவிடும், அடியில் பிரிந்த எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த அடுக்கில் உயவு இருக்காது. டேங்குக்குள் எரிபொருளை உறிஞ்சும் குழாயின் முனையில் எடை கட்டிய சிறு ஃபில்டர் ஒன்று இருக்கிறதல்லவா? இயந்திரத்தை எப்படிச் சாய்த்தாலும் எரிபொருளைத் தேடி அடியில் போய்க் கிடப்பதற்காகவே அது அமைக்கப்பட்டது. அதன் கடமையுணர்ச்சிதான் இங்கே வினையாகிறது: அது முதலில் உறிஞ்சுவதே உயவில்லாத அந்த அடி அடுக்கை. நீங்கள் கேட்ட அந்த மிகையான கத்தல், எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த நிலையில் எஞ்சின் சூடேறியதன் ஒலியாக இருக்கலாம்.

சைலன்சரைத் தாங்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால், புகை வெளியேறும் வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைக் கண்ணால் பார்க்க முடியும். பளபளப்பாக, குறுக்கே மெல்லிய கடைசல் கோடுகள் மட்டும் இருந்தால் தப்பித்தீர்கள். டேங்கையும் கார்பரேட்டரையும் சுத்தம் செய்து, புதிய கலவை ஊற்றி, முதல் சில நிமிடங்கள் குறைந்த வேகத்தில் ஓட விடலாம். மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியதுபோன்ற கீறல்கள் இருந்தால், அது மெக்கானிக்கிடம் போக வேண்டிய இயந்திரம். பிஸ்டனும் வளையங்களும் மாற்றினால் போதுமா, சிலிண்டரும் போயிற்றா என்பதை அவர் திறந்து பார்த்தே சொல்ல முடியும்.

இத்தகைய கருவிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. இவற்றின் கார்பரேட்டரில் கிண்ணத்துக்குப் பதிலாக மெல்லிய சவ்வு ஒன்று பெட்ரோலை உந்துகிறது. எத்தனாலும் தண்ணீரும் ஊறிய சவ்வு நாளடைவில் விறைத்துப்போகும். விரலால் தொட்டால் துணிபோல் மடங்க வேண்டும்; உலர்ந்த தாள்போல் சரசரத்தால் மாற்றிவிடுங்கள். கலங்கிய டூ ஸ்ட்ரோக் கலவையைத் தெளிய வைத்து மீட்கும் முயற்சி மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். மேல் அடுக்கில் ஆயில் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியில்லை.

கேள்வி: புல்வெட்டியின் எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறது. பெட்ரோலில் இருந்த தண்ணீர்தான் அங்கே போய்விட்டதா?

பதில்: அந்த நிறம் ஆயிலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டுவது உண்மை. ஆனால் பெட்ரோல் வழியாக அவ்வளவு தண்ணீர் போவது அரிது. இயந்திரத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோதோ மழையில் விட்டபோதோ அளவுக்குச்சியின் மூடி வழியாக இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயிலை வடித்துப் புதியது ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புதியது ஊற்றுங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் அது வேறு பிரச்சினை. மிதவையின் ஊசி சரியாக மூடவில்லை என்று பொருள்.

கேள்வி: பெட்ரோல் கேனை உறைபெட்டியில் வைத்தால் தண்ணீர் மட்டும் பனிக்கட்டியாகிவிடும், பெட்ரோலை வடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொருவர் கேனைத் திறந்து வெயிலில் வைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டு நண்பர்களின் பேச்சையும் கேட்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் உள்ளே இருக்கும் மின்சுவிட்சுகள் ஒவ்வொரு முறை இணைந்து பிரியும்போதும் பொறி கிளம்பக்கூடும். பெட்ரோலோ பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேகூடத் தீப்பற்றும் ஆவியை வெளியிடும் பொருள். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி நிறைந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அந்த ஆபத்துக்குப் பலனும் கிடையாது. எத்தனால் மிகுந்த அடி அடுக்கு வீட்டு உறைபெட்டியின் குளிரில் உறைவதே இல்லை.

வெயில் யோசனையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. பெட்ரோலின் மிக இலேசான பகுதிகள் 35 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும்; தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். எனவே முதலில் பறந்துபோவது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பத் தேவையான அந்த இலேசான பகுதிகள்தாம். தண்ணீர் கடைசிவரை அடியில் காத்திருக்கும்.

கேள்வி: தண்ணீரைப் பிரிக்கும் வடிபுனல் என்று ஒன்று விற்கிறார்கள். தண்ணீரை உறிஞ்சிவிடும் திரவம் என்றும் சிறு புட்டிகளில் கிடைக்கிறது. இவற்றை நம்பலாமா?

பதில்: புனலை ஓரளவு நம்பலாம். அதில் உள்ள மிக நுண்ணிய எஃகு வலையின்மேல், மாவு ஒட்டாத தோசைக்கல்லில் பூசுவது போன்ற தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கிறது. பெட்ரோல் வலையை நனைத்து ஊடுருவிப் போகும்; தண்ணீர்த் துளி நனைக்க முடியாமல் மேலேயே உருண்டு நின்றுவிடும். தனித் துளிகளாகக் கிடக்கும் தண்ணீருக்கும் தூசிக்கும் இது நல்ல காவல், ஒவ்வொரு முறை டேங்கை நிரப்பும்போதும் நான் பயன்படுத்துகிறேன். ஆனால் பெட்ரோலில் கரைந்திருக்கும் தண்ணீரை அது தடுக்காது. எத்தனால் சேர்ந்த தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை குறைந்துவிடுவதால், அடுக்குப் பிரிந்த பெட்ரோலை ஊற்றி இந்த வலையைச் சோதிப்பது முறையல்ல.

திரவங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ மெத்தனாலோதான். அவை தண்ணீரை ஒழிப்பதில்லை. பெட்ரோலோடு கலக்கச் செய்து, எஞ்சின் வழியாகச் சிறிது சிறிதாக எரித்து வெளியேற்றுகின்றன. எத்தனால் கலக்காத பெட்ரோலில், டேங்கை வடித்த பின்னும் ஒட்டியிருக்கும் சில துளிகளைத் துடைக்க ஐசோபுரொப்பைல் வகை உதவும். ஏற்கெனவே பத்து சதவீத எத்தனால் இருந்தும் பிரிந்துவிட்ட பெட்ரோலில் மேலும் இரண்டு மூடி ஆல்கஹாலை ஊற்றி என்ன சாதிக்கப்போகிறோம்? மெத்தனால் வகையைச் சிறு எஞ்சின்களில் தவிர்த்துவிடுங்கள். ரப்பருக்கும் இலேசான உலோகங்களுக்கும் அது ஆகாது. பெட்ரோலைக் கெடாமல் காக்கும் திரவங்கள் என்று விற்பவை வேறு. அவை காற்றுபட்டுப் பெட்ரோல் பிசினாவதைத் தாமதப்படுத்தும். புதிய பெட்ரோலில் வாங்கிய அன்றே கலந்தால்தான் அவற்றால் பயன். பிரிந்துபோனதை அவை ஒன்றுசேர்க்காது.

கேள்வி: கேனை எப்போதும் மூடித்தான் வைக்கிறேன். பாதி காலியான கேனுக்குள் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகிவிடும் என்று சொல்வது உண்மையா? வேறு எப்படித்தான் தண்ணீர் புகுகிறது?

பதில்: அந்த விளக்கம் உண்மைதான், ஆனால் அதன்மேல் சுமத்தப்படும் பழி மிக அதிகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் முழுதாக நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். பாதி காலியான 10 லிட்டர் கேனில் 5 லிட்டர் காற்று. அதில் உள்ள ஈரம் ஒரு சொட்டு விடாமல் குளிர்ந்து இறங்கினாலும் 0.15 கிராம், அதாவது மூன்று சொட்டு. மூடியிருக்கும் கேனில் அந்த மூன்று சொட்டோடு கதை முடிந்தது. மூடி தளர்ந்து நாள்தோறும் புதிய ஈரக் காற்றை உள்ளிழுக்கும் கேனிலும் டேங்கிலும்தான், எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் ஈரத்தைச் சேர்த்துக்கொள்கிறது.

குவளைக் கணக்கில் தண்ணீர் வந்திருந்தால் அது மழையாகவோ கழுவிய நீராகவோதான் இருக்கும். உங்கள் கேனின் மேற்புறத்தைப் பாருங்கள். மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறதா? வெயிலில் கேன் சூடேறும்போது உள்ளிருக்கும் ஆவி விரிந்து, தேய்ந்த வாஷர் வழியாக மெல்ல வெளியேறுகிறது. மாலையில் மழை பெய்து அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் அதே வேளையில் கேனும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே அழுத்தம் குறைய, மூடியைச் சுற்றி நிற்கும் தண்ணீரைக் கேன் தானாகவே உறிஞ்சிக்கொள்கிறது. மூடித்தானே வைத்திருந்தேன் என்று கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. புல்வெட்டியின் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையும் இதே வேலையைச் செய்யும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது நேராகவே புகுந்துவிடும். ஈரமான புனலை உதறிவிட்டு அப்படியே கேனில் செருகுவதும் உண்டு.

ஆகவே கேனைக் கூரைக்குக் கீழே, நிழலில், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். மூடியின் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஈரத்துக்குப் பயந்து விளிம்புவரை நிரப்பிவிடவும் கூடாது. வெப்பம் 20 டிகிரி ஏறினால் 10 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 190 மில்லி விரியும். இருபதில் ஒரு பங்காவது இடம் விட்டு வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். பருவம் முடிந்து இயந்திரத்தை ஒதுக்கி வைக்கும்போது டேங்கை வடித்து, தானாக நிற்கும்வரை ஓட்டி, பிறகு கிண்ணத்தையும் வடித்துவிட்டால், அடுத்த பருவத்தில் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுத உங்களுக்குக் காரணம் இருக்காது. சில நாடுகளில் சிறு எஞ்சின்களுக்கென்றே ஆல்கைலேட் பெட்ரோல் விற்கிறார்கள். அதில் எத்தனால் கிடையாது. நெடுநாள் வைத்திருந்தாலும் கெடாது. ஆண்டில் நாலைந்து முறை மட்டுமே எடுக்கும் கருவி உங்களிடம் இருந்து, இந்தப் பெட்ரோலும் கிடைத்தால், வாங்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: வடித்தெடுத்த கெட்ட பெட்ரோலை என்ன செய்வது? களைச்செடிகளின்மேல் ஊற்றிவிடலாம் என்கிறார்கள்.

பதில்: களை சாகும், அதோடு அந்த மண்ணும் நெடுநாளைக்கு எதையும் வளர்க்காது, மழை பெய்தால் பெட்ரோல் நிலத்தடி நீரையும் போய்ச் சேரும். சாக்கடையில் ஊற்றுவது இதைவிட மோசம். மூடிய குழாய்க்குள் ஆவி தேங்கி, எங்கோ ஒரு பொறியில் வெடிக்கும். குப்பையோடு சேர்த்து எரிப்பவர்களின் கைகளும் முகமும் என்ன ஆகின்றன என்பது மருத்துவமனைகளுக்குத் தெரியும். எரிபொருளுக்கென்று உள்ள கேனில் ஊற்றி, இறுக மூடி, தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, ஆபத்தான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடம் எது என்று உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்டு அங்கே ஒப்படையுங்கள். கொடுக்கும் நாள்வரை அந்தக் கேனை நல்ல பெட்ரோல் கேனின் அருகில் மட்டும் வைக்காதீர்கள். சீட்டைப் படிக்காமல் எடுத்து ஊற்றிவிட்டு, முதல் கேள்வியையே மறுபடி எனக்கு எழுதியவர்கள் இருவர் உண்டு.